கிளம்ப இன்னும் ஆறு வாரம்

கேள்வி: நான் தான்சானியாவில், இரிங்கா மலைப்பகுதியில் உள்ள ஒரு மிஷன் சுகாதார நிலையத்தில் 11 வருடமாக நர்ஸாக இருக்கும் அருட்சகோதரி. சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். சபை என்னைத் தமிழ்நாட்டுக்கே திரும்பி வரச் சொல்லிவிட்டது. இன்னும் 6 வாரம்தான் இருக்கிறது. தூரத்துக் கிராமத்துக் கர்ப்பிணிகள் முன்கூட்டியே வந்து தங்க ஒரு வீடு கட்ட ஆரம்பித்தோம். சுவர் எழும்பிவிட்டது, கூரை போடவில்லை. அதை முடிக்க மூன்று மாதம் தவணை கேட்கலாமா? நான் படிக்க வைக்கும் பெண் ஒருத்தி தினமும் "திரும்பி வருவீர்களா?" என்று கேட்கிறாள். எனக்கோ ஒரு நாள் காலண்டரில் நாளை எண்ணத் தோன்றுகிறது, மறுநாள் அப்படி எண்ணியதற்காக அழுகை வருகிறது. 2 வருடத்துக்கு முன் அம்மா இறந்தபோது என்னால் போக முடியவில்லை. அம்மா இல்லாத வீட்டுக்குள் எப்படி நுழைவேன் என்று பயமாகவும் இருக்கிறது. இந்தக் கடைசி நாட்களை எப்படிக் கழிப்பது?
(பெயர் வேண்டாம்)

பதில்:

அன்புள்ள சிஸ்டர்,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நானும் அந்த நாட்டில் 14 வருடம் இருந்தவள்தான். உங்களைப் போலக் குளிர்ந்த மலைப்பக்கம் இல்லை, வடக்கே விக்டோரியா ஏரிக்கரையில், முவான்சாவுக்கு அப்பால். இந்த ஆறு வாரம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். முதல் இரண்டு வாரம் நகரவே நகராது. கடைசி இரண்டு வாரம் எங்கே போயிற்று என்றே தெரியாது.

கூரை விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். தவணை கேட்காதீர்கள். மூன்று மாதத்தில் கூரை போட்டால் அடுத்து ஜன்னல் பாக்கி இருக்கும், ஜன்னல் முடிந்தால் தண்ணீர்த் தொட்டி. கையிருப்புப் பணம் எவ்வளவு, தகரம் யாரிடம் சொல்லி வைத்தீர்கள், யாருக்கு எவ்வளவு பாக்கி என்று ரசீதுகளோடு எழுதிப் பங்குப் பேரவையிடம் கொடுங்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் அதை எல்லோர் முன்னாலும் வாசிக்கச் சொல்லுங்கள். நீங்களே முடித்துவிட்டால் அது சிஸ்டர் கட்டிய வீடு. அவர்கள் தகரம் ஏற்றினால் அது அவர்கள் வீடு, ஓட்டை விழுந்தால் அவர்களே அடைப்பார்கள்.

கடற்கரை ஊரான பாகமோயோவின் மிஷன் கல்லறைத் தோட்டத்துக்குப் போயிருக்கிறீர்களா? 1868-ல் அங்கே மிஷன் தொடங்கியவர்களில் எத்தனையோ பேர் இளவயதிலேயே காய்ச்சல் கண்டு அந்த மண்ணில் கிடக்கிறார்கள். ஒரு கூரையைக்கூடப் பார்க்காமல் போனவர்களும் அதில் இருப்பார்கள். ஆனால் 92 வருடம் கழித்து, 1960-ல், அதே நாட்டில் புகோபா பக்கத்தில் பிறந்த லௌரியன் ருகாம்புவா கர்தினால் ஆனார். நவீன காலத்தில் ஆப்பிரிக்கக் கறுப்பினத்திலிருந்து வந்த முதல் கர்தினால் அவர்தான். ஏரிக்கரையில் இருந்த நாட்களில் மனம் சோரும்போதெல்லாம் நான் இதைத்தான் நினைத்துக்கொள்வேன்.

கட்டடத்தைவிட அவசரமாக ஒப்படைக்க வேண்டியது உங்கள் தலைக்குள் இருக்கிறது. எந்தத் தாய் ஆள் அனுப்பிக் கூப்பிட்டால்தான் வருவாள், யார் மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்டு வாங்கிப் போனதாகச் சொல்கிறார், யாருக்கு முந்தின பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்கவில்லை, மழைக்காலத்தில் எந்த மலைப்பாதை அடைந்துவிடும். இதில் பாதி எந்த ரெஜிஸ்டரிலும் இருக்காது. இன்றைக்கே ஒரு நோட்டு வாங்கி, தினமும் இரவு அரை மணி நேரம் உட்கார்ந்து எழுதுங்கள். தமிழிலோ ஆங்கிலத்திலோ வேண்டாம், சுவாஹிலியில் எழுதுங்கள். நோயாளிகளின் ரகசியம் அதில் இருக்கும் என்பதால் உங்கள் இடத்துக்கு வரும் நர்ஸின் கையில் மட்டும் கொடுங்கள். முடிந்தால் அவரைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போங்கள். நீங்கள் அவர் தோளில் கை வைத்து "இனி இவர்தான்" என்று சொன்ன வீட்டில், அவர் முதல் நாளே அந்நியராக இருக்க மாட்டார்.

இனி, விடைபெறுவது. உங்களுக்கு எழுத வேண்டும் என்று நான் உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

அந்த ஊரில் 'குஆகா', அதாவது சொல்லிக்கொண்டு கிளம்புவது, எவ்வளவு பெரிய காரியம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சொல்லிக்கொள்ளாமல் போனவரைப் பற்றி 'கோபித்துக்கொண்டு போய்விட்டார்' என்றுதான் நினைப்பார்கள். உங்கள் பஸ் விடியற்காலையில் கிளம்பும், அந்த நேரத்தில் யாரிடமும் எதையும் சொல்ல முடியாது. பங்கில் பிரிவுபசாரம் வைப்பார்கள், பாட்டும் நடனமும் இருக்கும், அதை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். அந்தக் கூட்டத்துக்கு நடக்க முடியாத கிழவி வர மாட்டாள். உங்களோடு மனத்தாங்கல் உள்ளவர் வந்தாலும் பின்வரிசையிலேயே நின்றுவிட்டுப் போய்விடுவார். அவர்கள் வீட்டுக்கு நீங்களே நடந்து போங்கள். ஒரு நாளைக்கு மூன்று வீடு போதும். உகாலி என்ற மாவுக்களி கிண்டி வைத்தால் உட்கார்ந்து சாப்பிடுங்கள். மனத்தாங்கல் உள்ள வீட்டுக்கு முதல் வாரத்திலேயே போய்விடுங்கள், கடைசி வாரத்துக்குத் தள்ளினால் போகவே மாட்டீர்கள். கிளம்பும்போது அவர்கள் உங்களோடு பாதி வழி நடந்து வருவார்கள், அதுதானே அவர்களுடைய 'குசிந்திகிசா', வழியனுப்புவது. போதும், திரும்புங்கள் என்று அவசரப்படுத்தாதீர்கள். வீட்டுக்குள் வாய் திறக்காதவர்கள் அந்த நடையில்தான் மனசில் உள்ளதைச் சொல்வார்கள்.

கோழி கொடுப்பார்கள், பீன்ஸ் மூட்டை கொடுப்பார்கள். மறுக்காதீர்கள். கோழியை அன்றே சமைத்துக் கொடுத்தவரோடு சேர்ந்து சாப்பிடுங்கள். பெண்கள் உடுத்தும், வாசகம் அச்சிட்ட காங்கா துணி நிச்சயம் வரும். எனக்கு வந்ததில் ஒன்றின் கரைக்கு மேலே 'வேமா ஹவுஓஸி' என்று அச்சிட்டிருந்தது. நன்மை அழுகிப்போகாது என்று அர்த்தம். மஞ்சளும் கறுப்புமாக இருந்த அந்தத் துணி துவைத்துத் துவைத்து இப்போது எலுமிச்சைத் தோல் நிறத்துக்கு வந்துவிட்டது. ஜோடியில் ஒன்றை இன்றும் என் தலையணைக்கு விரிக்கிறேன்.

இப்போது அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருகிறேன். அதற்கு முன் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும்.

நாம் தமிழில் யாரிடமும் 'போகிறேன்' என்று சொல்வதில்லை. 'போய்ட்டு வரேன்' என்றுதான் சொல்வோம், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கூட அப்படித்தான் சொல்வார். அந்தப் பழக்கத்தில் ஒரு பிபியிடம், பாட்டியை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள், அவருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும், நான் 'ம்வாகானி' என்று சொல்லிவிட்டேன். அடுத்த வருடம் வருகிறேன் என்று. நம் மொழியில் மரியாதைக்குச் சொல்கிற வார்த்தை அவருடைய மொழியில் தேதியாகிவிட்டது. சர்க்கரைவள்ளிக்கிழங்கைச் சீவி வெயிலில் உலர்த்தி 'மிச்செம்பே' செய்வார்களே, அது எனக்குப் பிடிக்கும் என்று அவருக்குத் தெரியும். ஒவ்வொரு கோடையிலும் எனக்கென்று ஒரு டின்னில் எடுத்து வைத்திருக்கிறார். நான்கு வருடம் கழித்து அங்கிருந்து விடுமுறைக்கு வந்த ஒரு சிஸ்டர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. "அந்த அடுத்த வருடம் இன்னும் வரவில்லையா?" என்று கேட்டாராம். நான் போகவில்லை. போவதற்கு வழியே இல்லை என்று சொல்லும்போதே எனக்குத் தெரியும்.

அதனால் அந்தப் பெண்ணிடம் "வருவேன்" என்று சொல்லாதீர்கள். "தெரியாது, நான் போகச் சொன்ன இடத்துக்குப் போகிறவள்" என்று உண்மையைச் சொல்லுங்கள். அழுவாள், கூட உட்கார்ந்து நீங்களும் அழலாம். ஆனால் அவளுக்குக் கொடுக்க ஒரு வார்த்தை அந்த மொழியிலேயே இருக்கிறது, 'க்வாஹெரி யா குஒனானா'. மறுபடி பார்க்கும்வரை போய் வா என்று வாழ்த்துகிறது, என்றைக்கு என்று சொல்வதில்லை. அப்புறம், அவள் நான்காம் ஃபாரம் பரீட்சை எழுதும்வரை கட்டணத்துக்கு வழி செய்துவிட்டு வாருங்கள். உங்கள் போன் மூலமாக வேண்டாம், பங்கின் மூலமாகப் பள்ளிக்கே போகட்டும். பணத்துக்காக உங்களுக்கு மெசேஜ் அனுப்பும் நிலைமை அவளுக்கு வரக் கூடாது. அன்பாக இரண்டு வரி எழுத அவளுக்கு வழி இருக்க வேண்டும்.

நாளை எண்ணுவது பாவம் இல்லை, சிஸ்டர். 11 வருடம் அந்நிய மண்ணில் உழைத்த உடம்பு வீட்டைத் தேடும். எண்ணிக்கொள்ளுங்கள்.

அம்மாவைப் பற்றி நீங்கள் எழுதியது ஒரே ஒரு வரி. மீதிக் கடிதம் முழுவதும் அந்த வரியைச் சுற்றித்தான் நடக்கிறது என்று எனக்குப் பட்டது. அம்மா இறந்த செய்தி வந்த அன்று அந்த ஊர்ப் பெண்கள் கட்டாயம் வந்திருப்பார்கள். 'போலே' என்று ஆறுதல் சொல்லிக் கையைப் பிடித்திருப்பார்கள், பாய் விரித்து உங்களோடு படுத்திருப்பார்கள், ராம்பிராம்பி என்ற துக்கப் பணமாகக் கசங்கிய நோட்டுகளைக் கையில் வைத்திருப்பார்கள். திண்டுக்கல்லில் இருந்த அம்மாவை ஒரு தடவைகூடப் பார்க்காதவர்கள் அவர்கள். உங்கள் துக்கத்தைப் பார்த்தவர்கள் அவர்கள் மட்டும்தான். கிளம்புவதற்குள் அம்மா பெயருக்கு அங்கே ஒரு பூசை வையுங்கள், அந்தப் பெண்களை உட்கார வைத்து டீயும் மந்தாசி என்ற எண்ணெய்ப் பலகாரமும் கொடுத்து அம்மாவைப் பற்றிச் சொல்லுங்கள். என்ன சமைப்பார், எப்படித் திட்டுவார் என்று சொல்லுங்கள்.

ஊர் வீட்டுக் கதை வேறு. வீட்டில் இருப்பவர்களுக்கு அது இரண்டு வருடத்துக்கு முந்தைய சாவு. அழுது முடித்து, வருட நினைவுப் பூசையும் வைத்து, அம்மாவின் சேலைகளைப் பங்கிட்டு, கட்டிலை நகர்த்தியிருப்பார்கள். உங்களுக்கோ கதவைத் திறக்கும் அந்த நிமிடம்தான் முதல் நாள். நீங்கள் அங்கே விம்மி அழும்போது அவர்கள் திகைத்துப்போய் நிற்பார்கள், 'இவர்களுக்கு மனசே இல்லையா' என்று உங்களுக்குக் கோபம் வரும். அதனால் இந்த ஞாயிற்றுக்கிழமையே வீட்டில் யாரிடமாவது போனில் பேசுங்கள். "நான் வந்ததும் முதலில் கல்லறைக்குப் போக வேண்டும், அப்புறம்தான் வீடு. அன்றைக்கு விருந்து, சொந்தக்காரர்கள் யாரும் வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். அம்மாவின் சேலை ஒன்று மிச்சம் இருந்தால் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். சபையின் மாநிலத் தலைவியான பிராவின்சியாலிடமும் புதுப் பொறுப்புக்கு முன் ஒரு மாதம் கேளுங்கள். கூச்சப்பட்டுக்கொண்டு வாய்மூடி இருக்காதீர்கள்.

வந்தபின் மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் முதல் வார்த்தையாகத் தான்சானியாவில் இருந்தேன் என்று சொல்லி மலேரியாவுக்கு ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். நர்ஸுக்குச் சொல்கிறேனே என்று நினைக்காதீர்கள், நர்ஸ்கள்தான் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவார்கள். சுகாதார நிலையத்து விவகாரங்களை வாட்ஸ்அப்பில் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள், உங்களுக்குப் பின் வந்தவருக்கு அது பாரம். ஆனால் மொழியை விடாதீர்கள். ஜி.யு. போப் இங்கிருந்து இங்கிலாந்துக்குத் திரும்பிய பிறகுதான் 1886-ல் திருக்குறள் மொழிபெயர்ப்பை வெளியிட்டார். திருவாசகம் 1900-ல் வந்தபோது அவருக்கு 80 வயது. நீங்கள் நூல் எழுத வேண்டாம், தினமும் இரவு ஒரு செபத்தைச் சுவாஹிலியில் சொல்லுங்கள், போதும்.

இரிங்காவிலிருந்து தாருஸ்ஸலாம் போகும் பஸ்ஸில் ஜன்னலோர இருக்கையாகக் கேட்டு வாங்குங்கள். கிட்டோங்கா இறக்கத்தில் குளிர் விட்டுப்போய், பள்ளத்தாக்கு முழுக்கப் பாவோபாப் மரங்கள் தெரிய ஆரம்பிக்கும்போது ஸ்வெட்டரைக் கழற்றுவீர்கள். அதற்குள் அழுது முடித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அங்கிருந்து மிக்குமி காடு தூரமில்லை, யானை நிற்கும், தூங்கிவிடாதீர்கள்.