டஸ்ட் என்றால் குப்பையா? (கடிதமும் பதிலும்)

வணக்கம் ஐயா. கோத்தகிரி பக்கம் ஒரு பள்ளியில் ஆங்கிலம் எடுக்கிறேன். ‘டஸ்ட்’ என்றால் தூசி என்று கரும்பலகையில் எழுதினேன். ஒரு பையன் எழுந்து, “எங்கப்பா டீ ஃபேக்டரியில டஸ்ட்தான் போடறாரு, அது தூசியா டீச்சர்?” என்றான். வகுப்பே சிரித்தது. அதே சொல் தட்டுவதற்கும் வருகிறது, தூவுவதற்கும் வருகிறது. இதை எப்படி விளக்குவது? டஸ்ட் தேயிலை கூட்டி அள்ளியது என்று கேள்விப்பட்டு, வீட்டில் வாங்குவதையே நிறுத்திவிட்டேன்.
ஒரு வாசகி

அன்புள்ள டீச்சருக்கு,

வினைச்சொல்லை முதலில் முடித்துவிடுகிறேன். அலமாரியை டஸ்ட் செய்தால் தூசி போகும். கேக்கைச் சர்க்கரையால் டஸ்ட் செய்தால் தூள் வந்து படியும். அங்கே ‘வித்’ என்று போட்டு எதைத் தூவுகிறோம் என்பதையும் சொல்லிவிடுவார்கள். திராட்சைக்குக் கந்தகத்தூள் அடிப்பதும் டஸ்டிங்தான். இதற்கு மேல் அகராதி இருக்கிறது.

எனக்குப் பொறுக்காதது வேறு. உங்கள் பிள்ளைகளில் எத்தனை பேர் வீட்டில் தேயிலையால் அடுப்பு எரிகிறது! அந்தப் பையன் கேட்டது அருமையான கேள்வி. வகுப்பு சிரித்ததை எழுதிய நீங்கள், அவனுக்கு என்ன பதில் சொன்னீர்கள் என்று எழுதவில்லையே?

தேயிலையில் டஸ்ட் என்பது சல்லடைக் கண்ணின் கணக்கு, அவ்வளவுதான். வாட்டிய கொழுந்தை சி.டி.சி. (கிரஷ், டேர், கர்ல்) உருளைகளுக்குள் விடுகிறார்கள். பல் வெட்டிய இரண்டு உருளைகள்; ஒன்று ஒரு சுற்று சுற்றுவதற்குள் மற்றது பத்துச் சுற்று சுற்றும். நடுவில் சிக்கும் இலை நசுங்கி, கிழிந்து, சுருளும். மூன்று நான்கு முறை இப்படிப் போன பிறகு காற்றுப் பட்டுப் புளித்து நிறம் மாறும். பிறகு டிரையரில் ஈரம் சுமார் 3 சதவீதத்துக்கு இறங்கும். அப்புறம்தான் சல்லடை. பெரிய கண்ணில் நிற்பது பி.ஓ.பி., பி.பி. என்ற இலை ரகங்கள்; அதற்குக் கீழே பி.எஃப். என்ற சிறுதுணுக்கு; இன்னும் கீழே பி.டி., எஸ்.ஆர்.டி. என்ற டஸ்ட் ரகங்கள். எல்லாம் ஒரே கொழுந்து, ஒரே நாள் வேலை. குன்னூர் ஏலத்தில் நல்ல டஸ்ட், இலை ரகத்தையே விலையில் தாண்டுவதுண்டு.

தரம் கெடுவது சல்லடையில் இல்லை, செடியில். இரண்டு இலை ஒரு மொட்டு என்று எடுக்காமல் முற்றிய இலையையும் காம்பையும் சேர்த்து உருவினால் நார்தான் மிஞ்சும். கொழுந்தைச் சாக்கில் அமுக்கி வெயிலில் போட்டால் ஃபேக்டரி வாசலுக்கு வருமுன்பே வெந்து சிவந்துவிடும். உருளையின் பல் மழுங்கினால் இலை வெட்டுப்படாமல் நசுங்கும், தூள் தட்டையாக வரும். இந்தக் குறைகள் பி.பி.யிலும் இருக்கும், டஸ்டிலும் இருக்கும்.

நீங்கள் சொல்லும் கூட்டி அள்ளியதும் உண்டு. அதன் பெயர் டஸ்ட் அல்ல, தேயிலைக் கழிவு. அதைக் கட்டுப்படுத்த 1959-லேயே தனி ஆணை வந்தாயிற்று. கழிவில் சாயம் ஏற்றி விற்கும் திருட்டுத்தனத்துக்கு எல்லா டஸ்டையும் தண்டிக்காதீர்கள். சந்தேகம் வந்தால் பச்சைத் தண்ணீரில் ஒரு சிட்டிகை போடுங்கள். உடனே நிறம் ஓடினால் சாயம். காந்தத்தையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். உருளை தேய்ந்த இரும்புத் துகள் இருந்தால் ஒட்டும்.

இன்னொன்று. கோத்தகிரி உயரத்தில் தண்ணீர் சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். அந்தச் சூட்டில் பெரிய இலை மெதுவாகத்தான் சாறு விடும். பொடி சட்டென்று இறங்கும். மலையில் இருந்துகொண்டு டஸ்டை ஒதுக்குகிறீர்களே, அம்மா! ஆனால் பத்து நிமிடம் கொதிக்க விடாதீர்கள். துவர்ப்புதான் ஏறும், பிறகு டஸ்ட் மீது பழி. 200 மில்லிக்கு 4 கிராம் போட்டு, அடுப்பை அணைத்து, மூடி, இரண்டு நிமிடத்தில் துணிப்பையில் வடித்துவிடுங்கள்.

அந்தப் பையனின் அப்பாவிடம் பி.பி., பி.எஃப்., எஸ்.ஆர்.டி. மூன்றிலும் ஒரு கைப்பிடி கேட்டு வாங்குங்கள். ஒவ்வொன்றிலும் 2 கிராம், 100 மில்லி கொதிநீர். பால் வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம். எது முதலில் சிவக்கிறது, ஏன் என்று வகுப்புக்கு அவனே சொல்லட்டும்.