எழுபது வளைவுக்கு மேலே ஓர் ஊர்: வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையைப் பற்றிப் போன மாதம் நீங்கள் எழுதிய இரண்டு வரி மனதிலேயே நிற்கிறது. டிசம்பர் பள்ளி விடுமுறைக்குத் திருச்சி போகிறோம். அங்கிருந்து ஒரு நாள் கொல்லிமலைக்குப் போய்வரலாம் என்று ஆசை. எழுபது கொண்டை ஊசி வளைவு என்றதும் கணவர் தயங்குகிறார். மகள் தொடக்கநிலை நான்கு படிக்கிறாள், ஜோகூருக்குப் பஸ்ஸில் போனாலே வாந்தி எடுப்பாள். மாமியாரும் கூட வருகிறார். இவ்வளவு சிரமப்பட்டுப் போய்ப் பார்க்க அங்கே அப்படி என்ன இருக்கிறது? பேசாமல் ஊட்டிக்கே போய்விடலாமா?

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

போங்கள். ஆனால் ஒரே நாளில் போய்த் திரும்புவதாக இருந்தால் போகாதீர்கள்.

நான் முதல்முறை அப்படித்தான் போனேன். விடியற்காலை திருச்சியில் வேன் ஏறி, மதியம் மேலே சேர்ந்து, இருட்டுவதற்குள் இறங்கியாக வேண்டும் என்று அவசரம். என் மகள் பாதி மலையிலிருந்து துண்டில் முகம் புதைத்தபடியே வந்தாள். மேலே ஒரு கடையில் சாப்பிட்டோம், நான்கு படம் எடுத்தோம், இறங்கிவிட்டோம். சிங்கப்பூர் திரும்பிய பிறகு அந்த ஊரைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒரு வாக்கியம்கூட இல்லை. அந்த வருத்தத்தில்தான் இரண்டு வருடம் கழித்து மறுபடியும் போய் மூன்று நாள் தங்கினேன்.

நம் பிள்ளைகளுக்கு மலை என்றால் புக்கிட் தீமா. அதன் உயரம் 164 மீட்டருக்குள். கொல்லிமலையின் ஊர்கள் 1,000 மீட்டருக்கு மேலே இருக்கின்றன. அடிவாரம் காரவள்ளி. அங்கே வெயில் சுள்ளென்று அடிக்கும். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதியிருப்பார்கள், 1/70, 2/70 என்று. இரண்டாம் பயணத்தில் மகளை முன் இருக்கையில் உட்காரவைத்து, அந்த எண்களைச் சத்தமாகப் படிக்கும் வேலையைக் கொடுத்தேன். வண்டி திரும்புவது காதுக்குள் தெரிகிறது, கண்ணோ கைபேசியில் அசையாமல் நிற்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால்தான் குமட்டுகிறது. பார்வை வெளியே, பாதை மேல் இருந்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். காலையில் இரண்டு இட்லி போதும், வயிற்றைக் காலியாகவும் விடாதீர்கள். நாற்பது சொச்சத்தில் அவள் எண் சொல்வதை நிறுத்திவிட்டு, "அம்மா, காத்து மாறிடுச்சு" என்றாள். சன்னலைத் திறந்தால் குளிர். அதுவரை எங்கள் யாருக்கும் அது உறைக்கவில்லை.

கணவரின் பயம் நியாயமானது. அதனால் அவரே ஓட்டவேண்டாம். நாமக்கல் பக்கத்து ஓட்டுநர் ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள். எங்களை அழைத்துப்போனவர் ஒவ்வொரு வளைவுக்கு முன்னும் ஹார்ன் அடித்தார், ஏறி வருகிற வண்டிக்கு ஒதுங்கி வழிவிட்டார். இறங்கும்போது பிரேக்கை அதிகம் தொடவே இல்லை. "எந்த கியர்ல ஏறுறமோ அதே கியர்ல இறங்கணும்மா, பிரேக்கையே நம்பினா சூடாயிடும்" என்றார். இரவில் ஏறாதீர்கள். முள்ளுக்குறிச்சி வழியாக வளைவு குறைந்த இன்னொரு பாதையும் இருக்கிறது. மாமியாருக்கு முடியாது என்று தோன்றினால் ஓட்டுநரிடம் அதைக் கேளுங்கள்.

சரி, அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள்.

வல்வில் ஓரி ஆண்ட மலை அது. ஓர் அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் வீழ்த்தியவன் என்று புறநானூறு பாடுகிற அந்த ஓரிதான். மலைமேல் உள்ள செம்மேட்டில் அவனுக்குச் சிலை இருக்கிறது, ஆடியில் விழாவும் எடுக்கிறார்கள். ஆனால் நான் சொல்ல வருவது இன்று அங்கே வாழ்கிறவர்களைப் பற்றி. அவர்கள் தங்களை மலையாளிகள் என்கிறார்கள். கேரளத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை, மலைவாழ் பழங்குடிகள், பேசுவது தமிழ். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாக வழிவழியாகக் கதை சொல்கிறார்கள்.

நாங்கள் தங்கிய வீட்டுக்கு எதிர்வீட்டுப் பாட்டி வாசலில் மிளகு காயவைத்திருந்தார். பச்சை மிளகுச் சரங்களைப் பாயில் பரப்பி, உள்ளங்கையால் தேய்த்து மணிகளை உதிர்ப்பார். முதல்நாள் பச்சையாக இருந்தது மறுநாள் பழுப்பானது. மூன்றாம் நாள் கிளம்பும்போது தோல் சுருங்கிக் கறுத்து, மிளகாகவே ஆகியிருந்தது. கறுப்பு மிளகு வேறு செடியில் காய்க்கிறது என்று அதுவரை நினைத்திருந்த என் மகள் பாயை விட்டு நகரவே இல்லை. ஒரே நாளில் திரும்பியிருந்தால் பச்சையை மட்டும் பார்த்துவிட்டு வந்திருப்போம்.

அவர் வீட்டில்தான் சாமைச் சோறு சாப்பிட்டோம். முன்பு அந்த மலை முழுக்கச் சாமை, தினை, கேழ்வரகுதானாம். அப்புறம் கீழே சேலம், நாமக்கல் ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி பரவியது. கையில் காசு வந்தது, சாமை வயல் சுருங்கியது. சாமையைக் குத்தி உமி நீக்குவது பெண்களின் இடுப்பை ஒடிக்கிற வேலை என்பதையும் மறந்துவிடக் கூடாது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து அங்கே சிறுதானியங்களைக் காக்கும் வேலையைச் செய்துவருகிறது. உமி நீக்கும் இயந்திரங்களை ஊர்களில் வைத்ததும் அதில் அடக்கம். இங்கே சிங்கப்பூர்த் தேக்காவில் சாமைப் பொட்டலத்தைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பாட்டியின் உரல்தான் நினைவுக்கு வருகிறது.

ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும், இறங்கிய அத்தனையும் திரும்ப ஏறவேண்டும். மாமியார் மேலேயே அறப்பளீஸ்வரர் கோயிலில் அமைதியாக உட்கார்ந்திருக்கட்டும். டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை முழுதாக விலகியிருக்காது. மழை வலுத்தால் அருவிக்கு விடமாட்டார்கள். அன்று அதை விட்டுவிடுங்கள், கெஞ்சிப் பார்க்கவும் வேண்டாம். ஒரு நாள் உபரியாக வைத்துக்கொண்டால் மனம் பதறாது.

ஊட்டி அழகான ஊர்தான். 2024 மே முதல் அங்கும் கொடைக்கானலிலும் நுழைய இ-பாஸ் எடுக்கவேண்டியிருக்கிறது, அவ்வளவு கூட்டம். உங்கள் மகளுக்கு ஒரு மலையூர் எப்படி வாழ்கிறது என்று காட்ட நினைத்தால் கொல்லிமலைக்கே போங்கள்.

இன்னொன்று. அந்தப் பாதையை நாம் விடுமுறைக்கு இரண்டுமுறை கடக்கிறோம். மேலே இருப்பவர்களுக்கு மிளகு மூட்டையும் பலாப்பழமும் கல்லூரிக்குப் போகிற பிள்ளையும் பிரசவத்துக்குப் போகிற பெண்ணும் இறங்குகிற வழி அது. வளைவில் வண்டியை நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். குரங்குகளுக்குத் தின்பண்டம் போடாதீர்கள், அதற்காகவே அவை சாலைக்கு வந்து அடிபடுகின்றன. மிளகோ காப்பிக்கொட்டையோ வாங்குவதாக இருந்தால் மேலே, சோளக்காட்டுச் சந்தையில், விளைவித்தவர் கையிலிருந்தே வாங்குங்கள். பாட்டி எனக்குச் செய்தித்தாளில் மடித்துக்கொடுத்த கால் கிலோ, எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில் ஒரு வருடம் மணத்தது.

எண்களைப் படிக்கிற வேலையை மகளிடம் கொடுத்துவிடுங்கள். எத்தனையாவது வளைவில் காற்று மாறியது என்று அவள் சொன்னதை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா