அடுத்த பகுதி எப்போது? சமூக ஊடகத் தொடர்கள் பற்றிய கேள்வி பதில்

சமூக ஊடகக் கணக்கில் ஒரே தலைப்பின் கீழ் வாரந்தோறும் அல்லது மாதந்தோறும் பதிவிடும் தொடர்களைப் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன். பிறருக்குத் தொடர் திட்டமிட்டுக் கொடுப்பதே என் வேலை என்பதால் பதில்களில் கொஞ்சம் கறார் இருக்கும். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். "ஒரே மாதத்தில் லட்சம் பேர் வேண்டும்" வகையறாவை எடுத்துக்கொள்ளவில்லை.

கேள்வி (சைக்கிள் பழுதுபார்ப்பவர்): வாரம் ஒரு வீடியோ என்று தொடங்கி, "சைக்கிள் பராமரிப்பு" என்று பெயரும் வைத்தேன். மூன்றாவது வாரமே என்ன போடுவது என்று தெரியவில்லை, அக்கா.

பதில்: நீங்கள் வைத்திருப்பது துறையின் பெயர். தொடருக்கு ஒரு விதி வேண்டும். ஒவ்வொரு முறையும் எது மாறாது, எது மாறும் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட முடிந்தால் விதி கிடைத்துவிட்டது என்று பொருள். உங்களுக்கு ஒன்று யோசித்தேன்: "ஒரு சத்தம், ஒரு காரணம்." ஒவ்வொரு பகுதியும் சைக்கிளில் கேட்கும் ஒரு சத்தத்தில் தொடங்கும். அது எங்கிருந்து வருகிறது என்று தேடுவீர்கள். கடைசியில் அதே சைக்கிள் சத்தமில்லாமல் ஓடும். மிதிக்கும்போது டக், பிரேக் பிடித்தால் கீச், மேட்டில் ஏறும்போது சங்கிலி வழுக்கும் கடக். பார்த்தீர்களா, மூன்று வாரம் வந்துவிட்டது.

அந்தச் சங்கிலிப் பகுதியையே எடுத்துக்கொள்வோம். முதல் மூன்று நொடி சத்தம் மட்டும். உங்கள் முகம் வேண்டாம், வணக்கமும் வேண்டாம். அடுத்து, சங்கிலியின் மேல் ஓர் அளவுகோல். புதிய சங்கிலியில் 24 கண்ணிகளின் நீளம் சரியாக 12 அங்குலம். அது 1/16 அங்குலம் கூடியிருந்தால் சங்கிலியை மாற்றும் நேரம் வந்துவிட்டது. 1/8 அங்குலம் கூடியிருந்தால் பற்சக்கரங்களும் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அளவுகோலில் அந்த ஒரு கோட்டைக் கேமரா நெருங்கிக் காட்டினால் போதும், பார்ப்பவர் தன் சைக்கிளைத் தேடி எழுந்து போவார். எண்ணெய் போடுவது, சங்கிலியைச் சுத்தம் செய்வது எல்லாம் இந்தப் பகுதியில் வரவே கூடாது. அவை வேறு சத்தங்களுக்குச் சொந்தம்.

விதி சரியா என்று பார்க்க எளிய சோதனை உண்டு. உட்கார்ந்த இடத்தில், எதையும் தேடாமல், பன்னிரண்டு பகுதிகளுக்குத் தலைப்பு எழுதுங்கள். ஏழிலேயே பேனா நின்றால் விதி குறுகல். ஐம்பது வரை தடையில்லாமல் ஓடினால் விதியே இல்லை, மறுபடி துறைக்குள் போய்விட்டீர்கள்.

கேள்வி: தினமும் பதிவிட்டால்தான் வளர முடியும் என்கிறார்களே?

பதில்: சொல்பவர்களில் பலருக்குப் பின்னால் ஒரு குழு இருக்கிறது. நீங்கள் தனி ஆள் என்றால், உங்கள் மிக மோசமான வாரத்தில் எத்தனை பதிவு சாத்தியமோ அதுதான் உங்கள் அளவு. காய்ச்சலும் வேலைப்பளுவும் சேர்ந்து வரும் வாரத்தை நினைத்துக் கணக்குப் போடுங்கள்.

முதல் பகுதி வெளியாகும்போது குறைந்தது நான்கு பகுதிகள் முழுதாக முடிந்து கையிருப்பில் இருக்க வேண்டும். இன்ஸ்டாகிராமில் 75 நாள் முன்கூட்டியே பதிவை நேரம் குறித்து வைக்கலாம். யூடியூபிலும் வெளியீட்டு நேரத்தை முன்பே குறிக்கும் வசதி உண்டு. கையிருப்பு இரண்டாகக் குறைந்தால் மற்ற வேலையை நிறுத்திவிட்டு அதை நிரப்புங்கள்.

தினசரித் தொடருக்கும் இடம் உண்டு, முடிவு தேதி இருந்தால். ஜேக் பார்க்கர் என்ற ஓவியர் 2009-இல் தொடங்கிய 'இங்டோபர்', அக்டோபர் மாதத்தின் 31 நாளும் நாளுக்கு ஒரு மை ஓவியம் என்ற விதியில் நடப்பது. நவம்பர் 1 அன்று ஓய்வு என்று தெரிந்துதான் அத்தனை பேர் துணிந்து இறங்குகிறார்கள்.

கேள்வி: எந்தக் கிழமை, எத்தனை மணி? இதற்கு மட்டும் நேரடியாகப் பதில் சொல்லுங்கள்.

பதில்: உங்களுக்கு வசதியான கிழமை. இன்ஸ்டாகிராம் 2016-லேயே நேர வரிசையைக் கைவிட்டுத் தரவரிசைக்கு மாறிவிட்டது. செவ்வாய் மாலை போட்டதை ஒருவர் வெள்ளி காலையில் பார்க்கக்கூடும். நேரம் நிஜமாகவே முக்கியமாகும் இடம், 24 மணி நேரத்தில் மறையும் ஸ்டோரியும் நேரலையும்தான். யூடியூப் நடத்துகிறவர்கள் யூடியூப் ஸ்டுடியோவைத் திறந்தால், தங்கள் பார்வையாளர்கள் எந்த நாளில் எந்த மணிக்கு அதிகம் இருக்கிறார்கள் என்று வரைபடமாகவே காட்டும். பொதுவான "சிறந்த நேரம்" பட்டியல்களைவிட அது மேல்.

கிழமையை மாற்றாமல் வைத்திருப்பதன் லாபம் வேறு. காத்திருக்கும் சிறு கூட்டத்துக்கு அது பழகிவிடும். உங்களுக்கும் சாக்குச் சொல்ல இடமில்லாமல் போகும்.

கேள்வி (கணித ஆசிரியை): நிகழ்தகவு பற்றிப் பத்துப் பகுதிகள் போட்டேன். ஆறாவதைப் பார்த்தவர்கள், "ஒன்றுமே புரியவில்லை" என்று எழுதுகிறார்கள். முந்தைய பகுதிகளைப் பாருங்கள் என்று பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

பதில்: மேடம், வகுப்பறையில் ஆறாம் பாடத்துக்கு வருகிறவர் ஐந்தைக் கேட்டுவிட்டு வருகிறார். இங்கே ஆறாம் பகுதிதான் பலருக்கு முதல் பகுதி. அதை அவர்களுக்கு எடுத்துக் காட்டியது அல்காரிதம், அதாவது எதை யாருக்குக் காட்டுவது என்று முடிவு செய்யும் தளத்தின் நிரல். வரிசையை அது பொருட்படுத்துவதில்லை. வார இதழ்த் தொடர்கதைக்கு "முன்கதைச் சுருக்கம்" எழுதினார்கள், படித்தவர்களும் பொறுத்துக்கொண்டார்கள். ஒரு நிமிட ரீலில் அதற்கு இடம் ஏது?

ஆகவே ஒவ்வொரு பகுதியும் தன் காலிலேயே நிற்க வேண்டும். உங்கள் பாடத்திலேயே காட்டுகிறேன். "நிபந்தனை நிகழ்தகவு, பகுதி 6" என்று தொடங்கினால் புதியவர் விலகுவார். "இரண்டு குழந்தைகள் உள்ள ஒரு வீடு. அவர்களில் ஒரு பெண்ணாவது உண்டு என்று தெரியும். இருவருமே பெண்ணாக இருக்க வாய்ப்பு எவ்வளவு?" என்று கேளுங்கள். பாதி என்று பலரும் நினைப்பார்கள். ஆண்-ஆண், ஆண்-பெண், பெண்-ஆண், பெண்-பெண் என்ற நான்கில் முதலாவதை அடித்துவிட்டால் மூன்றுதான் மீதி. விடை மூன்றில் ஒன்று. கலைச்சொல்லைக் கடைசி ஐந்து நொடியில் சொல்லுங்கள். முந்தைய பகுதிகளைப் பார்த்தவருக்கு இது அடுத்த படி. பார்க்காதவருக்கு ஒரு புதிர். இருவரும் தங்குவார்கள்.

பகுதி எண்ணைத் தலைப்பிலிருந்து எடுத்து, படத்தின் மூலையில் சிறிதாகப் போடுங்கள். வரிசையாகப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு யூடியூபில் பிளேலிஸ்ட் இருக்கிறது. இன்ஸ்டாகிராம் சுயவிவரப் பக்கத்தின் உச்சியில் மூன்று பதிவுகளை நிலையாக நிறுத்தலாம். ஒன்றில் "எங்கே தொடங்குவது" என்ற பதிவை வையுங்கள்.

கேள்வி: முதல் பகுதியை ஒன்பதாயிரம் பேர் பார்த்தார்கள். ஐந்தாவதை எழுநூறு பேர். நிறுத்திவிடலாமா?

பதில்: முதல் பகுதியோடு ஒப்பிடுவதை நிறுத்துங்கள். அதைப் பார்த்தவர்களில் பெரும்பாலானோர் வழிப்போக்கர்கள். நான்காவதையும் எட்டாவதையும் ஒப்பிட்டால்தான் தொடரின் உடல்நிலை தெரியும்.

இரண்டு எண்களைப் பாருங்கள், போதும். யூடியூபில் மீண்டும் வரும் பார்வையாளர்கள் எத்தனை பேர் என்று தனியாகக் காட்டுகிறார்கள். தொடருக்கு அதைவிட நேர்மையான அளவு கிடையாது. இன்ஸ்டாகிராமில் எத்தனை பேர் சேமித்தார்கள், எத்தனை பேர் மற்றவருக்கு அனுப்பினார்கள் என்று பாருங்கள். பார்வைகள் எழுநூறாக இறங்கியும் சேமிப்பு இறங்கவில்லை என்றால் தொடர் நன்றாகவே இருக்கிறது. இரண்டும் சேர்ந்து இறங்கினால், வீடியோவில் மக்கள் எந்த நொடியில் வெளியேறுகிறார்கள் என்ற வரைபடத்தைத் திறங்கள். பெரும்பாலும் முதல் சில நொடிகளிலேயே செங்குத்தாக ஒரு சரிவு இருக்கும். அந்த இடத்தில் நீங்கள் வணக்கம் சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

கேள்வி: தொடக்கத்தில் எட்டு நொடிக்கு இசையும் லோகோவும் வைத்திருக்கிறேன். அடையாளத்துக்கு அது வேண்டாமா?

பதில்: வேண்டாம். அடையாளத்துக்கு ஒரே எழுத்துரு, ஒரே கோணம், ஒரே மாதிரியான முதல் வாக்கியம் போதும்.

கேள்வி (வானம் பார்ப்பவர்): மாதம் ஒரு வான நிகழ்வு என்று போடுகிறேன். நிகழ்வு நடந்த இரவு போட்டால் பரபரப்பாக இருக்கும் என்று நினைத்தேன். யாரும் கண்டுகொள்ளவில்லை.

பதில்: மறுநாள் பார்க்கிறவருக்கு அது தவறவிட்ட ரயில். உங்கள் துறைக்குக் கிடைத்திருக்கும் வரம் வேறு யாருக்கும் இல்லை: ஆண்டு முழுவதற்குமான நாட்காட்டி இப்போதே உங்கள் கையில். பெர்சீட் எரிகல் பொழிவு ஆகஸ்ட் 12, 13 வாக்கில் உச்சம். ஜெமினிட் டிசம்பர் 13, 14 வாக்கில். இந்தத் தேதிகள் ஏறக்குறைய மாறுவதில்லை. நிலவுதான் ஆண்டுக்கு ஆண்டு மாறும். முழுநிலவுக்குப் பக்கத்தில் உச்சம் வந்தால் மங்கலானவை தெரியாது. ஆகவே ஒரு நிகழ்வுக்கு இரண்டு பதிவுகள் போடுங்கள். ஒரு வாரம் முன்பு, "எங்கே, எத்தனை மணிக்கு, இந்த ஆண்டு நிலவு கெடுக்குமா" என்று ஒன்று. அன்று மாலை ஸ்டோரியில் ஒரு நினைவூட்டல்.

ஒரு வாரம் முன்பு போடும் பதிவை அடுத்த ஆண்டும் பயன்படுத்த வழி உண்டு. எரிகல் ஏன் விழுகிறது, எந்தத் திசையில் பார்ப்பது என்ற பகுதியைத் தேதி சொல்லாமல் தனியாகப் படமெடுங்கள். நிலவு பற்றிய இரண்டு வாக்கியங்களை மட்டும் ஆண்டுதோறும் மாற்றி ஒட்டினால் போதும்.

கேள்வி: "உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்" என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறேன். யாரும் சொல்வதில்லை.

பதில்: அப்படிக் கேட்டால் நானும் சொல்ல மாட்டேன். ஒரே சொல்லில் பதில் வரக்கூடிய கேள்வியைக் கேளுங்கள். செடி வளர்ப்பவர் என்றால், "உங்கள் செடியில் மஞ்சளானது மேல் இலையா, கீழ் இலையா?" வரும் பதில்களே அடுத்த பகுதிக்கு விஷயம்: நைட்ரஜன் குறைந்தால் முதலில் கீழிலைகள் மஞ்சளாகும், இரும்புச்சத்து குறைந்தால் மேலே இளந்தளிர்கள். அடுத்த பகுதியை "போன முறை பாதிப் பேர் கீழ் இலை என்றீர்கள்" என்று தொடங்குங்கள், பதில் சொன்னவர்கள் விடமாட்டார்கள். ஒருவர் அனுப்பிய படத்தைக் காட்டுவதானால் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். தனிச்செய்தியில் வந்தது என்றால் கட்டாயம்.

கேள்வி: மூன்று பேர் சேர்ந்து நடத்துகிறோம். ஒவ்வொரு வீடியோவும் முடிந்த பிறகு ஒருவர் மாற்றம் சொல்கிறார். எப்போதும் தாமதம்.

பதில்: ஒப்புதலை முன்னே நகர்த்துங்கள். எழுதிய வடிவத்தைப் பார்த்துத் தாராளமாகச் சண்டை போடுங்கள். படப்பிடிப்புக்குப் பிறகு எழுத்துப்பிழையும் தகவல் பிழையும் மட்டுமே திருத்தப்படும் என்று விதி வையுங்கள். மூவரில் ஒருவர் சொல் இறுதியானதாக இருக்கட்டும், பகுதிக்குப் பகுதி அந்தப் பொறுப்பு மாறலாம். ஒரே அட்டவணையில் தலைப்பு, யார் எழுதுகிறார், எந்த நிலையில் இருக்கிறது, எப்போது வெளியீடு என்று நான்கு பத்திகள் போதும். இருபது பத்திகள் வைத்த அட்டவணையை யாரும் நிரப்பிப் பார்த்ததில்லை.

கேள்வி: இரண்டு வாரம் விட்டுப்போனது. மன்னிப்புக் கேட்டு ஒரு வீடியோ போடலாமா?

பதில்: வேண்டாம். பலர் கவனித்திருக்கவே மாட்டார்கள். அடுத்த பகுதியைப் போடுங்கள்.

கேள்வி: ஒரே வீடியோவை எல்லாத் தளங்களிலும் போடலாமா, அண்ணனா அக்காவா தெரியவில்லை?

பதில்: அக்காதான். போடலாம், ஒரு எச்சரிக்கையோடு. ஒரு தளத்திலிருந்து இறக்கிய வீடியோவில் அந்தத் தளத்தின் முத்திரை இருக்கும். அப்படிப்பட்டவற்றைப் பரிந்துரைப்பதைக் குறைப்பதாக இன்ஸ்டாகிராம் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. முத்திரை இல்லாத மூலக் கோப்பை எப்போதும் தனியாகச் சேமியுங்கள். நின்ற வாக்கில், 9:16 அளவில் எடுத்தால் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ், யூடியூப் ஷார்ட்ஸ் இரண்டுக்கும் பொருந்தும்; 2024 அக்டோபரிலிருந்து ஷார்ட்ஸ் மூன்று நிமிடம் வரை இருக்கலாம். இசையைப் பொறுத்தவரை, ஒரு தளம் தன் நூலகத்திலிருந்து தரும் பாட்டு அந்தத் தளத்துக்கு மட்டுமே. வேறு இடத்தில் போட்டால் உரிமைச் சிக்கல் வரும். வணிகக் கணக்குகளுக்கு இன்ஸ்டாகிராமிலேயே பல பாடல்கள் கிடைக்காது.

கேள்வி: செயற்கை நுண்ணறிவிடம் ஐம்பது தலைப்புகள் கேட்டு வாங்கினேன். நன்றாகத்தான் இருக்கின்றன. பயன்படுத்தலாமா?

பதில்: எல்லோருக்கும் தோன்றக்கூடியது என்ன என்பதற்கு அதைவிட நல்ல பட்டியல் கிடைக்காது. அச்சிட்டு, உங்களுக்கு நேரில் தெரிந்த விவரம் எதுவும் சேர்க்க முடியாத தலைப்புகளை அடித்துவிடுங்கள். ஆறோ ஏழோ மிஞ்சும்.

கேள்வி: எனக்கு எண்பது பேர்தான் பின்தொடர்கிறார்கள். அதில் பாதி உறவினர்கள். இப்போதே தொடர் எதற்கு?

பதில்: எண்பது பேருக்கும் ஒவ்வொருவராகப் பதில் எழுத இப்போதுதான் முடியும், பிறகு முடியாது. ஆறு பகுதிகளில் முடியும் என்று முதல் பதிவிலேயே சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். ஆறாவதில் முடித்தும் விடுங்கள், நன்றாகப் போனாலும்கூட. வேண்டுமானால் ஒரு மாதம் கழித்து இரண்டாம் சுற்று நடத்தலாம். உறவினர்களை லைக் போடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். அவர்கள் பார்க்காமலே போடும் லைக்குகளால், யாருக்குப் பிடிக்கிறது என்ற உங்கள் கணக்குதான் குழம்பும்.