தோட்டா உறையின் கழுத்தில் ஒட்டிய மசகை ஏன் துடைக்கிறார்கள்?

மதுரைப் பக்கம் ரைபிள் பழகும் பிள்ளைகள் ரீலோடிங் வீடியோ பார்த்துவிட்டு அடிக்கடி கேட்பது இது. சுட்டு முடித்த பித்தளை உறையைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, புது வெடிமருந்தும் குண்டும் வைப்பதுதான் ரீலோடிங். நம் நாட்டில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். ஆகவே இது தெரிந்துகொள்ள மட்டும்.

சுடும்போது உறை உப்பிவிடும். அதை எஃகு அச்சுக்குள் அழுத்திச் சுருக்க வேண்டும். மசகு தடவாவிட்டால் உறை அச்சிலேயே இறுகிக்கொள்ளும், அப்புறம் பிடுங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அந்த மசகில் கொஞ்சம் கழுத்தின் உள்பக்கமும் தங்கிவிடும்.

குண்டைப் பிடித்து நிறுத்துவது அந்தக் கழுத்துதான். கீழமாசி வீதியில் வாங்கி வந்த நல்லெண்ணெய் பாட்டிலின் தக்கையை நினைத்துக்கொள்ளுங்கள்: காய்ந்திருந்தால் கெட்டியாக நிற்கும், எண்ணெய் பட்டால் வழுக்கும். பிடிமானம் உறைக்கு உறை மாறினால் குண்டின் வேகமும் மாறும். இலக்கில் ஓட்டைகள் மேலும் கீழுமாகச் சிதறும். போதாததற்கு, பசையில் மருந்துத் துகள்கள் ஒட்டிக் கெட்டும் போகலாம்.

வெளியே ஆல்கஹால் நனைத்த துணி, உள்ளே நைலான் பிரஷ். நன்றாகக் காய்ந்த பிறகே மருந்து. சிலர் சோளக்கட்டைத் துருவலில் போட்டு உருட்டி எடுப்பார்கள். அதுவும் சரி, துருவல் துணுக்கு உள்ளே அடைத்திருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

“வெளிப்பக்கம் எண்ணெய் இருந்தால் துப்பாக்கிக்கு நல்லதுதானே?” என்பார்கள். இல்லை. துப்பாக்கிக்குள் தோட்டா உட்காரும் அறையின் சுவரை உறை பிடிக்காமல் வழுக்கி, பின்னால் அந்த அறையை மூடியிருக்கும் போல்ட்டை அதிக விசையோடு தள்ளும்.