வரியும் மகளிரும்: உங்கள் கேள்விகள்

கே: பெண்களுக்கு வருமான வரி வரம்பு கூடுதலாமே? (சேலம் வாசகி)

இருந்தது, 2011-12 நிதியாண்டு வரை. கடைசி ஆண்டில் அந்த வித்தியாசம் வெறும் பத்தாயிரம் ரூபாய். இப்போது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வரம்புதான். இதே கேள்வியை மூன்று பேர் அனுப்பியிருக்கிறீர்கள். பெண்களுக்கு வரம்பு கூடுதல் என்று சுற்றும் பழைய வாட்ஸ்அப் செய்தியை அழித்துவிடுங்கள்.

கே: மனைவி பேரில் டெபாசிட் போட்டால் வட்டிக்கு வரி வராதுதானே?

பணம் யாருடையது என்று நீங்கள் எழுதவே இல்லை. பேரோடு சேர்த்துப் பணம் யாருடையது என்பதையும் எழுதுங்கள் என்று எத்தனை முறைதான் சொல்வது? உங்கள் பணம் என்றால் வட்டி உங்கள் வருமானத்தோடுதான் சேரும். அவர் சம்பாதித்த பணம் என்றால் அவர் கணக்கு. மனைவி கணவர் பேரில் போட்டாலும் இதே விதிதான்.

கே: ஒன்றிய அரசு பெண்களுக்கு நாலரை லட்சம் கோடி ஒதுக்கியதாகப் படித்தேன். அது எங்கே போகிறது?

அது தனிப் பெட்டியில் வைத்த பணம் இல்லை. 2005-06 முதல் பட்ஜெட்டோடு வரும் பாலின பட்ஜெட் அறிக்கையில் காட்டும் கூட்டுத்தொகை. ஏற்கெனவே இருக்கிற திட்டங்களில் பெண்களுக்கு எவ்வளவு என்று துறைகளே எழுதிக் கொடுக்கும். முழுக்கப் பெண்களுக்கானவை முதல் பகுதி, முப்பது சதவீதத்துக்கு மேல் என்றால் இரண்டாவது. அதற்கும் கீழே உள்ளவற்றுக்கு 2024-25ல் மூன்றாவது பகுதி வந்தது. 2025-26ல் மொத்த பட்ஜெட்டில் இது சுமார் 9 சதவீதம். முழுக்கப் பெண்களுக்கு என்று பார்த்தால் அந்த நாலரை லட்சத்தில் ஒரு லட்சம் கோடிதான் தேறும்.

அந்த ஒரு லட்சத்தைப் பற்றித்தான் என் பழைய புலம்பல். பிரதமர் வீட்டுத் திட்டத்தைப் பல ஆண்டுகளாக முழுத் தொகையோடு முதல் பகுதியில் காட்டிவருகிறார்கள். அந்தப் பகுதியில் பெரும்பங்கு அதுதான். வீட்டைக் கணவன், மனைவி இருவர் பேரிலும் எழுதலாம் என்று விதி இருக்கிறது. கணவர், பிள்ளைகள், மாமனார், மாமியார் எல்லோரும் அந்தக் கூரைக்குக் கீழேதான் படுக்கிறார்கள். செங்கல், சிமெண்ட் முழுக்க மகளிர் கணக்கா? பத்திரத்தில் பெண் பேர் வருவது நல்லதுதான், மறுக்கவில்லை. அதற்காக அறுபது, நாற்பது என்றாவது பிரிக்காமல் நூறு சதவீதம் எழுதினால் அறிக்கை வீங்குகிறது. அங்கன்வாடிப் பணியாளர் மதிப்பூதியம் அந்த வீக்கத்தால் ஒரு ரூபாய்கூட ஏறாது. எனவே மொத்தத் தொகையைப் பார்த்து மயங்காமல் திட்டவாரியாகப் பாருங்கள். ஒதுக்கீட்டை மட்டும் பார்க்காமல் செலவையும் பாருங்கள்.

கே: நாப்கினுக்கு ஜிஎஸ்டி இல்லை என்கிறார்கள். விலை அவ்வளவாகக் குறையவில்லையே?

2018 ஜூலையில் 12 சதவீத வரியை எடுத்தார்கள். ஆனால் விற்பனைக்கு வரி இல்லாததால், மூலப்பொருளுக்குக் கட்டிய வரியைத் தயாரிப்பாளர் திரும்ப எடுக்க முடியாது. அது விலைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

கே: மகள் பேரில் மனை வாங்கினால் பத்திரச் செலவு குறையுமா?

எந்த மாநிலம், என்ன மதிப்பு? எழுதவில்லை. தமிழ்நாடு என்றே வைத்துக்கொள்கிறேன். 2025 ஏப்ரல் முதல் பெண் பேரில் வாங்கும் பத்து லட்சம் வரையிலான சொத்துக்குப் பதிவுக் கட்டணம், சொத்து மதிப்பில் ஒரு சதவீத அளவுக்குக் குறையும். அதிகபட்சம் பத்தாயிரம் மிச்சம். முத்திரைத் தீர்வை அப்படியேதான். அப்புறம், பணம் யாருடையது என்று எழுதி அனுப்புங்கள்.