250 வருஷக் கணக்கும் மாஞ்சோலைக் குத்தகையும்

கேள்வி: ஸ்பெயின் போச்சு, துருக்கி போச்சு, பிரிட்டன் போச்சு, சோவியத்தும் போச்சு. எந்தப் பேரரசுக்கும் ஆயுசு 250 வருஷம்தான் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. அப்படிப் பார்த்தால் 1776-இல் பிறந்த அமெரிக்காவுக்கு 2026-ஓடு கணக்கு முடிகிறது. துபாயில் இருக்கும் என் மகனும் அங்கே இதே பேச்சுத்தான் என்கிறான். ஊரை அடித்து உலையில் போட்டவர்கள் விழுவதைப் பார்க்கச் சந்தோஷமாகத்தானே இருக்கிறது! அடுத்தது சீனாவா?
- வாசகர், கடையநல்லூர்

பதில்: அண்ணாச்சி, முதலில் அந்த 250-ஐத் தூக்கிப் போடுங்கள். அந்தக் கணக்கைப் போட்டவர் ஜான் கிளப் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி, ஜோர்டான் படைக்குத் தலைவராக இருந்து 1956-இல் அந்நாட்டு மன்னரால் பதவி நீக்கப்பட்டவர். 1970-களில் அவர் எழுதிய பட்டியலில் துருக்கியரின் உஸ்மானியப் பேரரசை 1320-இல் தொடங்கி 1570-இல் முடித்துவிட்டார், 250 வந்துவிட்டது. ஆனால் 1571-இல்தான் அவர்கள் சைப்ரஸை முழுசாகப் பிடித்தார்கள், 1683-இல் வியன்னாவை முற்றுகையிட்டார்கள், சுல்தான் பதவி ஒழிந்தது 1922-இல். முந்நூற்றைம்பது வருஷத்தை வெட்டி எறிந்தால்தான் அவர் கணக்கு உதைக்காமல் இருக்கும். போர்த்துக்கல் 1415-இல் வட ஆப்பிரிக்காவின் செயூட்டாவில் தொடங்கியது, சீனக் கரையிலிருக்கும் மக்காவ் நகரை விட்டு இறங்கியது 1999-இல். சோவியத் ஒன்றியம் எழுபது வருஷம்கூடத் தாங்கவில்லை. இதில் எங்கே இருக்கிறது ஆயுசு?

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. எல்லாம் வயசாகித் தானாகச் செத்தது என்று வைத்துக்கொண்டால் யார் கொடுத்தார்கள், யார் எடுத்தார்கள், யார் எதிர்த்து நின்றார்கள் என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விடுகிறது.

பேரரசுகள் எதனால் சரிந்தன என்று பார்த்தால் கடன் வராத இடமே கிடையாது. தென் அமெரிக்காவின் பொத்தோசி மலையில் வெட்டிய வெள்ளி கப்பல் கப்பலாக வந்துகொண்டிருந்தபோதே ஸ்பெயின் அரசு 1557, 1575, 1596 என்று திரும்பத் திரும்பத் திவாலானது, வந்த வெள்ளி எல்லாம் போர்ச் செலவுக்கும் கடன் கொடுத்த வங்கிக்காரர்களுக்கும் போனது. துருக்கி சுல்தான் 1854-இல் கிரிமியப் போருக்காக முதல் வெளிநாட்டுக் கடனை வாங்கினார், 1875-இல் கட்ட முடியாது என்று கைவிரித்தார், 1881-இல் உப்பு, புகையிலை, முத்திரைத்தாள் வருமானம் எல்லாம் ஐரோப்பியக் கடன்காரர்களின் நிர்வாகத்துக்குப் போய்விட்டது. கொடி பறந்துகொண்டுதான் இருந்தது, கல்லாச் சாவி மட்டும் வேறு கையில்.

பிரிட்டனுக்கு வருவோம், அது நம்மை நேரடியாகத் தொட்ட கதை. இரண்டாம் உலகப் போரில் ஜெயித்த கையோடு அவர்கள் செய்த முதல் வேலைகளில் ஒன்று அமெரிக்காவிடம் 375 கோடி டாலர் கடன் வாங்கியது. அதன் கடைசித் தவணையை 2006 டிசம்பரில்தான் கட்டி முடித்தார்கள். நடுவில் 1956-இல் எகிப்து சூயஸ் கால்வாயை நாட்டுடைமை ஆக்கியதும் பிரான்சையும் இஸ்ரேலையும் கூட்டிக்கொண்டு பிரிட்டன் படை அனுப்பியது. அமெரிக்கா அதற்குத் துப்பாக்கி தூக்கவில்லை. பவுண்டு சரிந்துகொண்டிருந்த நேரத்தில், படையைத் திரும்ப அழைக்காமல் சர்வதேச நிதியத்திலிருந்து உதவி வராது என்று சொன்னது, அவ்வளவுதான். படை திரும்பியது, பிரதமர் ஈடன் 1957 ஜனவரியில் ராஜினாமா செய்தார். பேரரசு நடத்த வேண்டுமானால் கடன் கொடுக்க ஆள் வேண்டும், கொடுக்கிறவன் கையை இறுக்கினால் ஒரு வாரத்தில் எல்லாம் வெளுத்துவிடும்.

ஆனால் கடன் மட்டும் தனியாக வேலை செய்யவில்லை. ஆளுகிற செலவை ஏற்றிவிட்டவர்கள் ஆளப்பட்டவர்கள். 1906-இல் பேரரசு உச்சத்தில் இருந்தபோது, விழட்டும் அப்புறம் பார்க்கலாம் என்று வ.உ.சிதம்பரனார் காத்திருக்கவில்லை. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல் விட்டார், எதிர்க் கம்பெனி கட்டணத்தைத் தரைமட்டத்துக்கு இறக்கியும் தாக்குப்பிடித்தார், 1908-இல் தூத்துக்குடி கோரல் பஞ்சாலைத் தொழிலாளர்களோடு நின்றார். அவரைக் கைது செய்ததும் திருநெல்வேலி கொந்தளித்து எழுந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அந்த மனிதருக்கு இரட்டை ஆயுள் தண்டனை கொடுத்த அரசு 1946-இல் தன் கடற்படை மாலுமிகளையே நம்ப முடியாத நிலைக்கு வந்து சேர்ந்ததென்றால், அதற்கு இடையில் நாற்பது வருஷம் எத்தனையோ பேர் கட்டிய விலை இருக்கிறது.

சரி, சந்தோஷத்துக்கு வருகிறேன். இதில்தான் உங்களோடு எனக்குச் சண்டை. விழுகிறவன் தலையில் இடி விழுவது அபூர்வம், கீழே நிற்கிறவன் மேல்தான் அது விழும். தூத்துக்குடியைப் போர்த்துக்கீசியரிடமிருந்து டச்சுக்காரர்கள் 1658-இல் பிடித்தார்கள், முத்துக் குளிப்பில் பங்கு கேட்கிறவன் மாறினான், மூச்சடக்கி முங்குகிறவன் மாறவில்லை. 1799 அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டது ஆங்கிலக் கம்பெனி. அதே வருஷம் டிசம்பர் 31-ஓடு, உலகத்திலேயே பெரிய வணிக நிறுவனமாக ஒரு காலத்தில் இருந்த டச்சுக் கம்பெனி கடனில் முங்கி முடிந்தே போனது. அந்தச் செய்தியில் பாஞ்சாலங்குறிச்சிக்காரன் சந்தோஷப்பட என்ன இருந்தது?

பர்மாவைப் பாருங்கள். 1885-இல் பம்பாய் பர்மா வணிகக் கம்பெனி தேக்கு வெட்டியதில் கணக்குக் காட்டவில்லை என்று மாண்டலே தர்பார் பெரிய அபராதம் போட்டது. அதைச் சாக்காக வைத்துப் பிரிட்டன் படையெடுத்து, மன்னர் தீபாவைப் பிடித்து ரத்தினகிரிக்கு அனுப்பிவிட்டு, 1886 ஜனவரி 1-இல் மேல் பர்மாவையும் சேர்த்துக்கொண்டது. கதவு அகலத் திறந்ததும் நம் ஜனங்கள் ரங்கூனுக்குக் கப்பலேறினார்கள், வட்டிக்கடை வைக்க ஒரு கூட்டம், அதைவிடப் பெரிய கூட்டம் துறைமுகத்தில் மூட்டை தூக்கவும் வயலில் இறங்கவும். 1942-இல் ஜப்பான்காரன் வந்தான், பேரரசு பின்வாங்கியது. அப்போது தப்பி வர முடிந்த வெள்ளைக்காரர்களுக்குக் கப்பலிலும் விமானத்திலும் இடம் முதலில். இந்தியர்கள் லட்சக்கணக்கில் அரக்கான் மலையிலும் அசாம் காட்டிலும் நடந்தார்கள், பல்லாயிரம் பேர் காலராவிலும் பசியிலும் வழியிலேயே போனார்கள். உங்கள் ஊர்ப் பக்கமே பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், பர்மாவிலிருந்து நடந்து வந்த தாத்தா இருந்த வீடு தெரிய வரும். ஒரு பேரரசின் சரிவு என்றால் எனக்குக் கண்ணில் நிற்பது அந்த நடைதான்.

பணத்திலும் அப்படித்தான். போர் முடிந்தபோது பிரிட்டன் இந்தியாவுக்கு 100 கோடி பவுண்டுக்கு மேல் பாக்கி வைத்திருந்தது, நம்மிடம் சாமானும் உழைப்பும் வாங்கிவிட்டு லண்டனில் கணக்கில் மட்டும் எழுதி வைத்த பாக்கி. 1949 செப்டம்பரில் பவுண்டின் மதிப்பை 4.03 டாலரிலிருந்து 2.80 டாலராக அவர்கள் இறக்கினார்கள். நமக்கு வர வேண்டிய மிச்சப் பணத்தின் டாலர் மதிப்பும் அதோடு இறங்கியது, நம் ரூபாயையும் சேர்த்து இறக்க வேண்டியதாயிற்று. சுதந்திரம் வாங்கி இரண்டு வருஷம் ஆன பிறகு இது.

இப்போது உங்கள் மகன் விஷயம். அமீரகத்துத் திர்ஹாம் 1997 முதல் டாலரோடு கட்டப்பட்டிருக்கிறது, ஒரு டாலருக்கு 3.6725. டாலர் உலகத்தில் எங்கே போகிறதோ அவர் சம்பளமும் அங்கேதான் போகும். அமெரிக்கா 2024 நிதியாண்டில் ராணுவத்துக்குச் செலவழித்ததைவிடக் கடனுக்கு வட்டியாகக் கட்டியது அதிகம், அது லேசான விஷயம் இல்லை. வட்டிக்கு வாங்கி வட்டி கட்டுகிற வீட்டின் நிலை நம் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் உலக நாடுகளின் கையிருப்பில் பாதிக்கு மேல் இன்னும் டாலர்தான், மாற்று நாணயம் இன்னும் தயாராக இல்லை. ஆகவே 2026-இல் எதுவும் முடிந்துவிடாது. ஆனால் அந்தச் சரிவு வேகம் பிடிக்கிற அன்றைக்கு நியூயார்க்கில் வலிப்பதற்கு முன்னால் கடையநல்லூரில் பாதி கட்டி நிற்கிற வீட்டில் வலிக்கும். அதைப் பார்த்துக் கை தட்டச் சொல்லாதீர்கள்.

அடுத்தது சீனாவா என்று கேட்டீர்கள். ஆருடம் சொல்ல மாட்டேன், கண்முன் இருப்பதைச் சொல்கிறேன். தூத்துக்குடியிலிருந்து கடல் தாண்டினால் இலங்கை, அதன் தென்கோடியில் அம்பாந்தோட்டைத் துறைமுகம், 2017-இல் ஒரு சீன நிறுவனத்துக்கு 99 வருஷக் குத்தகைக்குப் போனது. 99 வருஷம் எப்படிப்பட்ட காலம் என்று தெரிய இலங்கைக்குப் போக வேண்டாம், மணிமுத்தாறு அணைக்கு மேலே ஏறினால் போதும். நான் மேலே சொன்னேனே அதே பம்பாய் பர்மா கம்பெனி, 1929-இல் சிங்கம்பட்டி ஜமீனிடம் 8,374 ஏக்கர் காட்டை 99 வருஷத்துக்கு எடுத்து மாஞ்சோலையில் தேயிலை போட்டது. 1947-இல் பேரரசு போனது. 1952-இல் ஜமீனும் போனது. குத்தகை போகவில்லை. கொழுந்து கிள்ளியவர்களின் கூலிக்காகத் திருநெல்வேலியில் ஊர்வலம் வந்தவர்கள் மீது 1999 ஜூலை 23-இல் போலீஸ் தடியடி நடத்தி, 17 பேர் தாமிரபரணியில் செத்தார்கள். 2024-இல் விருப்ப ஓய்வு என்று எழுதி வாங்கிக்கொண்டு, மூன்று நான்கு தலைமுறையாக அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களைக் கீழே இறங்கச் சொன்னார்கள். சொந்தமாக ஒரு சென்ட் நிலம் அவர்களில் பெரும்பாலோர் பெயரில் கிடையாது.

குத்தகை 2028-இல் முடிகிறது. அன்றைக்கு அந்தக் குடும்பங்கள் எங்கே இருக்கும், யார் பதில் சொல்வார்கள் என்று அடுத்த இதழுக்கு ஒரு கேள்வி எழுதி அனுப்புங்கள் அண்ணாச்சி, இந்தப் பக்கம் முழுவதையும் அதற்கே தருகிறேன்.