முன்பு விடிய விடிய விளையாடிய கேம் இப்போது ஏன் சலிக்கிறது?

ராத்திரி சாப்பிட்டு முடித்துக் கணினியைத் திறக்கிறோம். வாங்கி வைத்த கேம்களின் பட்டியலை மேலும் கீழும் உருட்டுகிறோம். பத்து நிமிடம் கழித்து எதையும் தொடாமல் மூடிவிடுகிறோம். கேம் சலிப்பு என்பது இதுதான்: நேரம் இருக்கும், கேமும் இருக்கும், ஆசை மட்டும் இருக்காது.

காரணம் மூளையில் இருக்கிறது. எதிர்பாராத பரிசு வரும்போதுதான் ஆசையைத் தூண்டும் டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள் அதிகம் சுரக்கிறது. 1990களில் நரம்பியல் விஞ்ஞானி வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்து இதைக் கண்டார்: சாறு வரும் என்று முன்பே தெரிந்துவிட்டால், அது வரும் நேரத்தில் அந்தத் துள்ளல் இல்லை. திருவிழா ராட்டினத்தில் முதல் சுற்றில் வயிறு கூசும். இருபதாவது சுற்றில் எப்போது இறங்கலாம் என்றிருக்கும். அதே ராட்டினம்தான்.

இதில் தினசரி லாகின் பரிசும் பேட்டில் பாஸும் (குறித்த காலத்துக்குள் விளையாடி விளையாடிப் பரிசுகளைத் திறக்கும் திட்டம்) சேர்ந்தால் விளையாட்டே வருகைப் பதிவேடு ஆகிவிடுகிறது. என்னைக் கேட்டால், முதலில் விட வேண்டியது இவற்றைத்தான். அறிவிப்புகளை அணைத்துவிட்டு இரண்டு மூன்று வாரம் தள்ளி இருங்கள். அப்புறம் நான்கைந்து மணி நேரத்தில் முடியும் சின்ன கேம் ஒன்றை, முடிந்தால் நண்பரோடு பக்கத்தில் உட்கார்ந்து விளையாடிப் பாருங்கள்.

பலர் இதை உடனே மனச்சோர்வு என்று நினைத்துப் பயப்படுகிறார்கள்; கேம் மட்டும் கசந்தால் பெரும்பாலும் அது வெறும் சலிப்புதான், ஆனால் சாப்பாடு, பாட்டு, நண்பர்கள் என எதுவுமே 2 வாரத்துக்கு மேல் பிடிக்காமல் போனால் மருத்துவரைப் பாருங்கள்.